இழுத்துப் போன கிலோமீட்டர் யார் கணக்கில்?

பழுதாகி நின்ற காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனால் அந்தத் தூரம் மீட்டரில் ஏறுமா? பார்க்கப்போனால் ஐந்து, பத்து கிலோமீட்டர் விவகாரம். ஆனால் பழைய கார் விற்கப் போகிறவருக்கு அது மானப் பிரச்சினை. ஓட்டாத தூரத்துக்காக விலையில் நூறு ரூபாய் குறைந்தாலும் அவருக்கு மனசு ஆறாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறினால் அது சரியான கணக்கு. சக்கரம் உருண்டும் ஏறாவிட்டால்தான் மீட்டர் பொய் சொல்கிறது.

அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் மூச்சு பேச்சில்லாமல் கிடக்கலாம், கியர் நியூட்ரலில் இருக்கலாம். பின்சக்கரம் உருண்டால் நடுவில் ஓடும் ஷாஃப்ட் சுற்றும். அதோடு கியர்பாக்ஸின் பின்முனையும் சுற்றும். மீட்டர் கேபிள் அங்கேதான் மாட்டியிருக்கிறது. வண்டியை ஓட்டுவது இன்ஜினா, முன்னால் போகும் லாரியா என்ற விசாரணையெல்லாம் கேபிளுக்குக் கிடையாது. பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்தால் மட்டும் அது சும்மா இருக்கும். மாருதி 800-ஐ ஓட்டுவது முன்சக்கரம் என்பதால் அங்கே முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். கேபிள் வைத்த பழைய பைக்குகள் பெரும்பாலும் முன்சக்கரத்திலிருந்தே கணக்கெடுக்கும். பெட்ரோல் தீர்ந்து, வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறவரின் தூரத்தையும் ஈவிரக்கமில்லாமல் எழுதிக்கொள்ளும். பக்கத்தில் வரும் நண்பர் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றித் தள்ளிவந்தால், பெட்ரோல் அவருடையது, கிலோமீட்டர் இரண்டு வண்டிக்கும்.

இப்போதைய கார்களில் கேபிள் போய் சென்சார் வந்துவிட்டது. சாவி போடாத வரை மீட்டர் தூங்கும். ஆனால் ஸ்டீயரிங் பூட்டை விடுவிக்காமல் கயிற்றில் இழுக்க முடியாதே! அதற்காகத் திருப்பும் சாவி 'ஆன்' வரை போய்விட்டால், பல கார்களில் மீட்டர் விழித்துக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடும். பழைய பாணி ஆட்டோமேட்டிக் காரை மட்டும் இப்படி இழுக்காதீர்கள். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின். அது நின்றிருக்கும்போது சக்கரம் உருண்டால் கியர்பாக்ஸ் சூடேறிக் கெடும். லாரி முதுகில் ஏற்றிவிடுவதே நல்லது. அப்போது சக்கரமே உருளாது. சென்னையிலிருந்து மதுரை வரை போனாலும் மீட்டரில் பூஜ்யம்தான். அதுவும் நேர்மையான பூஜ்யம்.

'இன்ஜின் உழைக்காத தூரத்தை எப்படிச் சேர்க்கலாம்?' என்று விற்பவர் சண்டைக்கு வருவார். மீட்டர் என்றைக்கு ஐயா இன்ஜினின் உழைப்பை எண்ணியது? சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு இன்ஜின் உறுமுகிறதே, அதற்கு ஒரு மீட்டர் தூரம்கூட ஏறுவதில்லை. வெயிட்டிங் சார்ஜ் கேட்க ஆட்டோ மீட்டருக்குத்தான் தெரியும். இன்ஜினின் உழைப்பை அளக்க வேண்டுமென்றுதான் டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்கு மீட்டர் வைத்தார்கள். மறுபக்கம், இன்ஜினே இல்லாத டிரெய்லரின் சக்கர நடுவில் தூரம் காட்டும் மீட்டர் பொருத்துகிறார்கள். டயரும் பேரிங்கும் தேய்வது எப்போது என்று தெரிய வேண்டுமே! இவ்வளவு ஏன், கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியர் விட்ருவியஸ் எழுதிவைத்த தூரமானியில், சக்கரம் 400 சுற்று சுற்றினால் ஒரு கல் பெட்டிக்குள் விழும். அது ஒரு ரோமானிய மைல். இழுத்தால்தான் நகரும் வண்டி அது. அதில் விழுந்த ஒவ்வொரு கல்லும் இழுத்துப் போன தூரத்தின் கணக்குதான்.

ஆகவே, பழைய கார் வாங்குகிறவர்களே, அந்தப் பத்து கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். மீட்டர் 30,000 காட்டும்போது கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தேய்ந்திருந்தால், யாரோ மீட்டரையே பின்னால் இழுத்திருக்கிறார்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.