சுணக்கவியல்: பெங்களூர்ப் படலம்

கணிப்பு வேண்டும் கருவிகள் இரவலர். கணிப்பு ஈயும் சர்வர்கள் புரவலர். இருவருக்கும் நடுவே கழியும் பொழுது சுணக்கம் எனப்படும். இது முதல் நூற்பா.

இதற்கு உரை: அல்சூர் டீக்கடையில் கல்லா மேல் உட்கார்ந்திருக்கும் யுபிஐ ஒலிப்பெட்டியும் இரவலன், வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடத்து வாசல் கேமராவும் இரவலன். முன்னது பதினைந்து ரூபாய் வந்ததென்று பாட ஒரு வரி கேட்கிறது. பின்னது படம் படமாக அனுப்பி, இந்த முகம் யாருடையது என்று துளைக்கிறது. எந்த இரவலனை எந்தப் புரவலனிடம் ஆற்றுப்படுத்துவது என்பதே இந்நூலின் பயன். முன்பு பரிசில் பெற்றுத் திரும்பிய பாணன் எதிர்ப்பட்டவனுக்கு வழி சொன்னான். இன்று அந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு ஷெட்யூலர் என்று பெயர்; அதற்குப் பரிசில் கிடையாது. (2025 ஜூலையில் வணிகவரி நோட்டீசுகளுக்கு அஞ்சிச் சில பெங்களூர்க் கடைகள் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. அது சுணக்கத்தில் சேராது. துறவு எனக் கொள்க.)

சுணக்கம் நிலத்தால் ஐவகைப்படும். ஏன் ஐந்து என்றால், திணை ஐந்து என்பதால். வேறு காரணம் தேடுவோர் இலக்கணம் அறியாதவர்.

கருவியும் கணிப்பும் ஓருடலில் கூடியிருப்பது குறிஞ்சி. கைப்பேசி தானே யோசிப்பது. இதில் காத்திருப்பு இல்லை. கை சுடும், பேட்டரி இறங்கும். களவில் இவை இயல்பு.

செல்கோபுரத்தின் அடியிலோ அதற்கு அடுத்த தொலைபேசி நிலையத்திலோ ஒரு சிறு சர்வரை நிறுத்தி, வேலையை அங்கே இறக்கி வாங்கிக்கொள்வது முல்லை. சிறிது நேரம் இருத்தல் இதன் உரிப்பொருள். எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று ஊரில் வழங்குவது இதுவே; 2014இல் ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்பான எட்சி இதற்கென ஒரு குழு வைத்தது.

நகரத்துத் தரவு மையம் மருதம். அங்கே ஒருவனுக்குப் பலர் உரிமை கொண்டாடுவதால் ஊடல் நிகழும்.

கிளவுட் எனப்படும் மேகம் நெய்தல். மும்பையிலும் சென்னையிலும் கடற்கரை இருப்பதே சான்று. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, மும்பை, சென்னையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் தம் மேகங்களை நிறுவின. அமேசான் 2022இல் ஹைதராபாத்திலும் ஒன்று வைத்ததே, அங்கே கடல் ஏது என்பார்க்கு: ஹுசைன் சாகரைக் கொண்டு அமைத்துக்கொள்க. மென்பொருள் எழுதுவது பெங்களூர், அது ஓடுவது அயலூர். ஆகவே பெங்களூர்க் கருவிக்கு இரங்கல் உரித்தாயிற்று. அந்த இரங்கலுக்குக் கணக்கும் உண்டு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிநொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். மும்பைக்குச் சாலை வழி ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிநொடி. எந்த எஞ்சினியரும், எந்த முதலீட்டாளரும் இதைக் குறைக்க முடியாது.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. மற்ற நிலங்கள் எங்கே திரிந்தாலும் அங்கே தோன்றும்: லிஃப்டுக்குள், அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில், நடுவானில். 2021 ஜூனில் பெங்களூரின் த்ராட்டில் ஏரோஸ்பேஸ் நிறுவனம் கௌரிபிதனூரில், கண்பார்வைக்கு அப்பால் பறந்து மருந்து கொண்டுசெல்லும் ட்ரோன்களைச் சோதித்தது. அப்படிப்பட்ட ட்ரோன் சமநிலை காக்கும் கணக்கைக் குறிஞ்சியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதை மேகத்திடம் கேட்டுவிட்டுப் பாலையில் புகுந்தால் பிரிவு நிரந்தரமாகும்.

இனி இரவலர் தகுதி. 3ஜிபிபி என்னும் உலகச் சங்கம் 5ஜி வலையில் பயணிப்போர்க்கு வரிசை எண் கொடுத்து, சாதனத்துக்கும் வலையின் வெளிவாசலுக்கும் இடையே யார் எவ்வளவு தாமதிக்கலாம் என்று விதித்திருக்கிறது. பேச்சுக்கு 100 மில்லிநொடி. விளையாட்டுக்கு 50. சேமித்து ஓடும் வீடியோவுக்கு 300. தொழிற்சாலைத் தானியக்கத்துக்கு 10. உயர் அழுத்த மின்விநியோகத்துக்கு 5. ஆட்டோ அழைக்கும் செயலி இவற்றுள் எங்கே என்று வினவினால், எங்கே வைத்தாலும் பழுதில்லை. அதன் சுணக்கம் ஓட்டுநர் மனத்தில் இருக்கிறது. 5ஜி என்றதும் முழங்கும் 1 மில்லிநொடியோ வானலைப் பகுதிக்கு மட்டும் வைத்த இலக்கு. சர்வர் யோசிக்கும் நேரம் அதில் அடங்காது. விளம்பரங்கள் இந்த உரையை விட்டு நூற்பாவை மட்டும் அச்சிடுகின்றன.

‘அருகில் இருப்பவனே நல்ல புரவலன்’ என்பாரும் உளர். அது பொருந்தாது. வரிசையைக் கணக்கிடும் கலையை டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்தார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் தோன்றிய ஆண்டும் அதுவே. எப்போது வருவார், எவ்வளவு கேட்பார் என்று தெரியாத இரவலர் ஒற்றைப் புரவலனிடம் வந்தால் நடப்பது இது: அவன் பாதி நேரம் வேலையாக இருந்தால், வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல் இரு மடங்கு கழியும், நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் பத்து மடங்கு, தொண்ணூற்றைந்து என்றால் இருபது. 4 மில்லிநொடி வேலை, நெரிசலான கோபுரத்தடியில் 80 ஆகிவிடும். அதே வேலை பாதி ஓய்வாக இருக்கும் மும்பை சர்வரில் 8. வழியில் சுற்றும் தயக்கமும் சேர்த்துப் பயணம் 20 என்றாலும் மொத்தம் 28தான். நிறைந்த முல்லையைவிட வெறுமையான நெய்தல் அருகில் இருக்கிறது. மேலும், மேகத்தில் ஆயிரம் சர்வர்கள் ஒரே வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவன் மூச்சுத் திணறினால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். கோபுரத்தடியில் இருப்பவன் தனியன். எட்ஜை விற்பவர்கள் தூரத்தை அளந்து காட்டுவார்கள்; கூட்டத்தை எண்ணிக் காட்டமாட்டார்கள்.

ஆகவே அந்தத் தனியன் யாருக்கு முதலில் ஈவது என்பதே மெய்யான சிக்கல். டாஸியூலஸ், எஃப்ரமைடிஸ் என்னும் ஆய்வாளர்கள் 1992இல் சொன்ன வழி: யாருடைய வரிசை நீளத்தையும் தரவு வேகத்தையும் பெருக்கினால் அதிகம் வருகிறதோ அவனுக்குக் கொடு. வரிசைகள் கட்டுமீறாமல் காக்க இது நல்ல வழி; அவசரக்காரனுக்கு நல்லதல்ல. நீண்ட வரிசை இல்லாத, ஆனால் 5 மில்லிநொடியில் பதில் வேண்டியவனை இது வாசலில் நிறுத்திவிடும்.

பெங்களூரில் முல்லை தழைத்த இடம் ஒன்று சொல்லலாம். 2022 ஜூலையில், 5ஜி பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே, ஏர்டெல் இங்குள்ள போஷ் வாகன மின்னணுத் தொழிற்சாலைக்குள் தனி 5ஜி வலையைச் சோதித்துக் காட்டியது. அங்கே இரவலர் யார், எத்தனை பேர், எப்போது கேட்பார்கள் என்பது முன்பே தெரியும். மதில் உண்டு, அழையா விருந்தாளி இல்லை. தெருவுக்கு இந்த வசதி கிடையாது. தெருமுனைக் கோபுரத்தடியில் சர்வர் வைப்பதானால் ட்ரோனுக்கும் மின்விநியோகத்துக்கும் இடம் ஒதுக்கி வையுங்கள். வீடியோவையும் ஒலிப்பெட்டியையும் நெய்தலுக்கே அனுப்புங்கள்.

தம் செயலி எத்திணை என்று ஐயுறும் வாசகர் கைப்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு அதைத் திறந்து பார்க்கலாம். வேலை நடந்தால் குறிஞ்சி. நடக்காவிட்டால், நிலமில்லாத பாலை நீங்கலாக, மற்ற மூன்றில் ஒன்று. எது என்பதைச் செயலியை விற்றவரிடம் கேளுங்கள், சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று தொடங்குங்கள்.