சமையற்கட்டு மெட்ரிகுலேஷன்

பள்ளிக்கூட வேன்களெல்லாம் போன பிறகு, செவ்வாய்க்கிழமை பத்து மணிவாக்கில், காய்கறிக் கடையில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரோடு ஓர் அம்மா நின்றால், "பசங்களுக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள். பதில் முடிவதற்குள் நீங்கள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் பொங்கி வழிந்து தீய்ந்திருக்கும்.

கேட்காமல் ஒதுங்கி நின்றாலும் தப்ப முடியாது. வகுப்பு அங்கேயே நடக்கும்.

"கத்தரிக்கா கிலோ அறுபது ரூவா. முக்காக் கிலோ எவ்வளவு கண்ணு?"

பையன் கடைக் கூரையைப் பார்ப்பான். பின்னால் வரிசையில் நிற்கும் ஆறேழு பேருக்கும் விடை தெரியும். வாய் திறக்க அனுமதி இல்லை. கடைக்கார அக்கா பொறுக்கமாட்டாமல் "நாப்பத்..." என்று ஆரம்பித்தால், "நீங்க சொல்லிப்போடாதீங்க அக்கா, அவனே கண்டுபிடிக்கட்டும்" என்று தடை வரும். கடைசியில் சின்னவள்தான் முடித்து வைப்பாள்: "எங்களுக்குக் கத்தரிக்காயே வேண்டாம். அப்ப ஜீரோ."

இவர்தான் வீட்டுப்பள்ளி அம்மா. எங்கள் கோயமுத்தூரில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவராவது இருக்கிறார். நான் சொல்லப்போவது வடவள்ளிக்காரரை. அம்மிணி என்றே வைத்துக்கொள்வோம். இன்ஜினியரிங் படித்து, கொஞ்ச காலம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். மூத்தவன் இரண்டாம் வகுப்பு படித்தபோது, "உங்க பையன் நெறையக் கேள்வி கேக்கறான்" என்று அவன் டீச்சர் ஒரு குற்றச்சாட்டுபோலச் சொல்ல, அந்த வாரமே டி.சி. வாங்கி வந்துவிட்டார். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் இப்போது இவர்தான் பதில் சொல்கிறார். சில நாள் சாயங்காலம், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அந்த டீச்சரை நினைத்துக்கொள்வாராம்.

இந்த வகையினர் எல்லோரும் ஒரே பாதையில்தான் வருகிறார்கள். முதல் மாதம், கால அட்டவணை. ஐந்தரைக்கு யோகா, ஆறரைக்குத் தோட்ட வேலை, எட்டுக்குக் கணக்கு என்று கலர் கலராக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். இரண்டாவது மாதம் அதன்மேல் கேஸ் பில்லும் பால் கணக்கும் ஏறும். மூன்றாவது மாதம் விசாரித்தால், "நாங்க இப்ப அன்ஸ்கூலிங்குங்க" என்பார்கள். கால அட்டவணையைக் காப்பாற்ற முடியாத தாய்மார்களுக்கென்றே ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க வாத்தியார் இந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். வகுப்பறையில் பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று 1964-இல் ஒரு புத்தகம் எழுதியவர். பள்ளிக்கூடத்தைத் திருத்த முடியாது என்று பிற்பாடு முடிவுகட்டி, வீட்டிலேயே வளருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மிணியின் தலையணைப் பக்கத்தில் அவர் புத்தகம் எப்போதும் இருக்கும். பென்சில் கோடு போடாத பக்கமே அதில் இல்லை.

பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினால் வெள்ளைத் தாள்தான் அதிகம். அம்மிணியிடமோ ஆறு குயர் நோட்டு நிரம்பியிருக்கிறது: பறவைகள், பின்னங்கள், சோழர்கள், மண்புழு உரம், ஸ்பானிஷ் மொழி முதல் பாடம். அந்த வீட்டில் விழுந்து விழுந்து படிக்கிற ஒரே ஆள் அவர்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் வீட்டு ஹாலில் விளக்கு எரிந்தால், மறுநாள் காலை எரிமலை என்று அர்த்தம். சோடா உப்பும் வினிகரும் நம் வீட்டில் கடன் கேட்டு வரும்.

"நாலு பேரோட பழக வேண்டாமா?" என்று உறவுக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். தெருவில் எங்களைக் கேட்டால் நிலவரம் தெரியும். அந்தப் பிள்ளைகள் பழகாத ஆள் இங்கே பாக்கி இல்லை. மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், கெப்பாசிட்டர் என்ன வேலை செய்கிறது என்று விளக்கினால்தான் ஏணியில் ஏறலாம். இஸ்திரி போடுகிற அண்ணன் கரிப்பெட்டி, கேஸ் பெட்டி இரண்டின் செலவையும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் மத்தியானம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து மணியடித்து, "மாமா, உங்க நாடித்துடிப்பு தூங்கும்போது எவ்வளவு?" என்று கேட்கிறாள் சின்னவள். தூங்கினால்தானே சொல்வதற்கு.

சாப்பாட்டுக்கு வருவோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று டப்பாக்களில் பெயர் ஒட்டி, கல்யாண வீட்டுச் சம்பந்திகளைப்போல வரிசையாக உட்கார்த்திவைத்திருக்கிறார். வெள்ளைச் சர்க்கரை, மைதா, ரீஃபைண்டு எண்ணெய் மூன்றுக்கும் உள்ளே வர அனுமதி இல்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் தினை மாவும் கருப்பட்டியும். கெட்டியாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒரு கள்ளச்சந்தை நடந்ததும் இதனால்தான்: மூன்று தினை உருண்டைக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ். விஷயம் வெளியே வந்த அன்று வேறு வீடாக இருந்தால் முதுகு வீங்கியிருக்கும். அம்மிணி உட்காரவைத்துப் பண்டமாற்று முறை பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தினார். பையன் அடியே தேவலை என்றானாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சந்தகை பிழியும்போது நான் கூப்பிடாமலே போய்விடுவேன். புழுங்கலரிசியை ஊறவைத்துச் சொந்த ஊர் கிரைண்டரில் ஆட்டி, இட்லியாக அவித்து, ஆவி பறக்க எடுத்து மூன்று கால் சந்தகைக் குழலில் போடுவார். ஆறினால் இறங்காது; கல்லாகிவிடும். அதனால் அந்தப் பத்து நிமிஷம் வீட்டில் யாருக்கும் தத்துவம் பேச நேரம் கிடையாது. வீட்டுக்காரர் குழலின் காலை மிதித்துக்கொள்ள, பையன் திருகைச் சுற்ற, சின்னவள் தட்டேந்த, வெள்ளை நூல் நூலாக விழும். "பாத்தியா, சின்னக் கைல சுத்தறோம், எவ்வளவு பலம் எறங்குது! இதான் திருகோட வேலை" என்று ஒரே ஒரு வரி சொல்வார், அதோடு சரி. அவர் நடத்துகிற பாடங்களிலேயே பையனுக்கு மறக்காமல் இருப்பது இதுதான். தேங்காய்ப்பாலும் எள்ளுப்பொடியும் உள்ளே போனபின் எனக்கும் விளங்கிவிடுகிறது.

மற்ற நாட்களில் பொருள் வேட்டை. பள்ளிக்கூட ஃபீஸ் மிச்சம் என்று ஆரம்பித்த காரியம். அந்த மிச்சமெல்லாம் இப்போது பாத்திரமாகவும் பொடியாகவும் வந்திறங்குகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பருவம். வந்த புதிதில் அது இல்லாமல் மனித குலம் எப்படி வாழ்ந்தது என்று வியப்பு. அடுத்து, தெருவில் எல்லோரும் வாங்க வேண்டுமென்ற கருணை. கறை நீக்கும் பொடி ஒன்றின் மகிமையைக் காட்டுவதற்காக என் வீட்டுச் சோபாவில் காப்பியை ஊற்றியவர் அவர். கறை இன்னும் இருக்கிறது. மூன்றாவது பருவத்தில் அந்தப் பொருள் பரணேறிவிடும்; அதைப்பற்றி நாம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். சப்பாத்தி மேக்கர், வெயில் அடுப்பு, செம்பு பாட்டில் எல்லாம் அங்கேதான் ஓய்வில் இருக்கின்றன. பூந்திக்கொட்டையும் பீர்க்கங்காய் நாரும் மட்டும் நின்றன. காசு கம்மியானவைதான் நிற்கும் என்பது என் கணிப்பு.

தரை துடைக்கும் திரவத்தை வீட்டிலேயே தயாரிக்கிறார். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் மூடிவைக்க வேண்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்று வெளியேற்றுவது பையனின் பொறுப்பு. நடுவில் குடும்பத்தோடு பழனிக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது மூடி பரண்மேல், ஆரஞ்சுத் தோல் சுவரில். அன்றைக்குக் கரியமில வாயு.

இதற்கெல்லாம் உச்சம் ஈயச் சொம்பு. ரசத்துக்கு ஈயச் சொம்புதான் என்று கும்பகோணத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வரவழைத்தார். அதில் முதலில் புளித்தண்ணியை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். பாட்டிமார்களுக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயம். அம்மிணிக்கும் தெரியும். அடுப்பைப் பற்றவைத்து, சொம்பை ஏற்றி, புளித்தண்ணிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவரிடம், "அம்மா, ஈயம்னா தகரமா, காரீயமா?" என்று கேட்டுவிட்டான் பையன். நல்ல கேள்வி. நல்ல கேள்விக்கு நின்று பதில் சொல்வதுதானே அந்த வீட்டுக் கொள்கை. சமையலுக்கு வெள்ளீயம், காரீயம் விஷம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே சொம்பின் அடி மினுமினுத்து, தொய்ந்து, சொட்டுச் சொட்டாகப் பர்னருக்குள் இறங்கியது. கழுத்து மட்டும் வளையமாக மிஞ்சியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மிணி அடுப்பை அணைத்தார், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு நோட்டை எடுத்தார்: "வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ்."

பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர், பர்னரை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிக்கொண்டே, "ஸ்கூல்னா டெர்முக்கு ஒருக்காத்தான் ஃபீஸ்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசி ஜெயித்ததாக வரலாறும் இல்லை.

அம்மிணியின் மாமனார்தான் சரியான ஜோடி. கோபி பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்பதை ஊரில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வந்திறங்கிய முதல் நாளே ஆரம்பித்தது.

"எத்தனாவது படிக்கற சாமி?"

"எனக்கு ஒம்பது வயசுங்க தாத்தா."

"வயசக் கேக்கலீடா."

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மிணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். 1939-இல் பயிற்சி வகுப்பு நடத்த அடையாறுக்கு வந்த மான்டிசோரி அம்மையார், போர் காரணமாக இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் குழந்தைகளோடு இருந்து பார்த்ததையெல்லாம் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா பள்ளிக்கூடம் நடத்துனவங்க அம்மிணி, நிறுத்துனவங்க இல்ல" என்றார். வீட்டிலேயே படித்து 2016-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இடம் வாங்கிய மும்பைப் பெண்ணைக் காட்டினார் அம்மிணி. இந்த வகையினர் எல்லோருடைய கைப்பையிலும் அந்தப் பெண் இருப்பாள். பதினாலு வயது முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது பரீட்சை எழுதலாமென்றார்.

"அது சரி. 2009 கல்விச் சட்டத்துல பத்தாவது பிரிவு? புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு போட்டிருக்குது."

"தண்டனைன்னு எதும் போடலீங்களே மாமா."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினேழாவது பிரிவுல புள்ளைங்களத்தான் அடிக்கக் கூடாதுன்னாங்க. பெத்தவங்களையும் விட்டுட்டாங்களாட்ட இருக்குது."

வாதத்தில் யாரும் தோற்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் கடைவீதிக்குப் போய் நீளமான வருகைப் பதிவேடு ஒன்று வாங்கி வந்தார். பழக்கதோஷம். ஒன்பதரைக்கு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேர் வாசித்தார். பிள்ளைகளுக்கு இது புது விளையாட்டு. "உள்ளேன் ஐயா" என்று தெருவே கேட்கக் கத்தினார்கள். முக்கால் வாய்ப்பாடு ஆரம்பமானது. ஓரெண் முக்கால், முக்கால். ஈரெண் முக்கால், ஒன்றரை. நாலே நாளில் பையன் கத்தரிக்காய்க் கணக்கைக் கடை வாசலிலேயே முடித்துவிட்டான். அம்மிணி அதிர்ந்துபோனார். மனப்பாடத்துக்கு எதிராக ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறாரே. முறையைப் புரிந்துகொள்ள அவரும் நோட்டோடு மாடியேறினார்.

ஏறியவர் பேரும் பதிவேட்டில் ஏறிவிட்டது. இட்லி ஊற்றிவிட்டு வர நேரமானால் சிவப்பு மையில் "தாமதம்". சொல்லாமல் சந்தைக்குப் போனால் ஆப்சென்ட். போன வாரம் கொடிசியாவில் வீட்டு உபயோகப் பொருட்காட்சி. அம்மிணி முறைப்படி எழுதிக் கொடுத்தார்: "உயர்திரு தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். அவசரக் குடும்ப அலுவல் காரணமாக நாளை ஒரு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பெரியவர் படித்தார். விட்டுப்போன ஒற்றெழுத்து ஒன்றைச் சிவப்பு மையில் போட்டார். பொருட்காட்சி விளம்பரம் காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது. அதை அவரும் படித்திருந்தார். அடியில் எழுதினார்: "காரணம் ஐயத்துக்குரியது. பெற்றோரை அழைத்து வரவும்."

அம்மிணி பொள்ளாச்சிக்குப் போன் போட்டிருக்கிறார். அவங்க அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.