தண்ணி ஊத்தாதே மருமவனே

உன் யூக்கா செத்துக்கிட்டு இருக்கு மருமவனே. பசியில இல்ல, தாகத்துல இல்ல, பாசத்துல.

காலையில வேலைக்குக் கிளம்புறப்ப நீ ஒரு குவளை ஊத்துறே. வாசல் தெளிச்ச மிச்சத்தை உன் பொண்டாட்டி ஊத்துறா. அரிசி களைஞ்ச தண்ணியில சத்து இருக்குன்னு உன் மாமியார் அதையும் கொண்டாந்து கவுக்குறாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவன், போத்தல்ல மிஞ்சின மைலோவை யாரும் இல்லாத நேரமாப் பாத்து அதுலதான் ஊத்துறான். நான் பாத்தேன். பாத்தும் வாயைத் திறக்கல. உன் அத்தை காய்ச்சித் தர்ற கசாயத்தை ஊத்த நாளைக்கு எனக்கும் ஒரு இடம் வேணுமில்ல?

மூணு பிள்ளை பெத்த என் தங்கச்சியைக்கூட இந்த வீட்டுல நாலு பேரு சேந்து இப்படிக் கவனிச்சதில்ல. போவட்டும், நான் செடியைப் பத்திப் பேச வந்தேன்.

அது எந்த ஊருன்னு விசாரிச்சியா? நர்சரியில சிவப்பு ரிப்பன் கட்டியிருந்துச்சு, புது வீட்டுக்கு அம்சமா இருக்கும்னு கடைக்காரன் சொன்னான், காசை எண்ணிக் கொடுத்துட்டு வந்துட்டே. மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கத்துச் செடி அது. அந்த வம்சத்துல 40 வகைக்கு மேல இருக்கு. கலிபோர்னியாவுல மொகாவி பாலைவனத்துல கையை விரிச்சுக்கிட்டு நிக்குதே ஜோஷுவா மரம், அதுவும் ஒரு யூக்காதான். பேஞ்சா பேயும், இல்லாட்டி இல்லங்கிற சீமையில, கிடைச்ச தண்ணியை உடம்புக்குள்ள பதுக்கி வச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டுற கூட்டம்.

நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும். ரப்பரும் அமெரிக்காக் கண்டத்துல இருந்துதானே மாமா வந்துச்சு? வந்துச்சு. 1876-ல விக்காம்னு ஒரு வெள்ளைக்காரன் பிரேசில் காட்டுல வெதையை அள்ளி லண்டனுக்குக் கப்பலேத்தினான். அடுத்த வருசமே, 1877-ல, சிங்கப்பூர் வழியா ஒம்பது கன்னு நம்ம கோலகங்சாருக்கு வந்து இறங்கிருச்சு. அப்ப பேராக்குல ரெசிடெண்டா இருந்தது ஹியூ லோ தொரை. அதுல ஒரு மரம் இன்னும் கோலகங்சாருல பேர்ப்பலகையோட நிக்குது. உன் பாட்டனைக் கப்பல்ல ஏத்தி இங்க கொண்டாந்தது அந்த மரத்தோட வம்சந்தான், போனா ஒரு கும்பிடு போட்டுட்டு வா. ஆனா அது அமேசான் மழைக்காட்டுல பொறந்தது. இந்த மழை அதுக்குப் புதுசில்ல. அது இங்க ஒத்துப்போச்சேன்னு அந்தக் கண்டத்துல இருந்து வர்றதெல்லாம் ஒத்துப்போவும்னு நெனைச்சுட்டியே, அங்கதான் உன் பட்டப் படிப்பு கோட்டை விட்டுருச்சு.

நம்ம ஊரு மழையைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா. தைப்பிங்ல இன்னிக்கு மழை வருமா வராதான்னு அந்தக் காலத்துப் பெருசுங்க பந்தயமே கட்டுவாங்களாம். ஈப்போவுல மத்தியானம் மண்டையைப் பொளக்குற வெயிலு, நாலு மணிக்கு ஓட்டைப் பிச்சுக்கிட்டு ஊத்தும். அக்டோபர், நவம்பருன்னா காயப்போட்ட துணி மூணு நாளு கொடியிலயே கிடக்கும். இந்த ஊருல மழை வேணாம்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்ட சனம் ரப்பர் மரம் வெட்டுன நாங்க மட்டுந்தான். விடியக்காலையில பட்டை நனைஞ்சிருந்தா மரம் வெட்ட முடியாது. வெட்டி முடிச்ச பிறகு பேஞ்சா பாலு மங்குக்குப் போவாது, பட்டை மேலயே பரவி மண்ணோட போயிரும். அன்னிக்குக் கூலியும் அதோட போச்சு. பெரட்டுக் களத்துல வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்போம், தண்டல் எங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிப்பான். யூக்காவும் எங்க கட்சிதான், மழையைக் கண்டா மூஞ்சி சுண்டிப்போவும்.

அதனால குவளையைக் கீழ வை. விரலை மண்ணுக்குள்ள விடு. ரெண்டு கணு ஆழத்துல ஈரம் தட்டுச்சுன்னா கையைக் கழுவிட்டுப் போயி டிவி பாரு. நல்லாக் காஞ்சிருந்தா மட்டும் தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிக்கிட்டுப் போ, அடியில ஒழுகுற வரைக்கும் ஊத்து, சொட்டு நின்னதும் கொண்டாந்து வை. ஏர்கோன் ஹால்ல இருக்கிற செடிக்குப் பத்து நாளைக்கு ஒருக்கா, ரெண்டு வாரத்துக்கு ஒருக்காகூடப் போதும். காலண்டரைப் பாத்து ஊத்தாதே, மண்ணைப் பாத்து ஊத்து. ஏர்கோன் வறட்சியை அது ஒரு பொருட்டா மதிக்காது. அப்புறம், இலை மேல புஸ் புஸ்னு தண்ணி அடிக்கிறியே அந்தப் போத்தல், அதைச் சட்டைக்கு இஸ்திரி போடுறப்ப வச்சுக்கோ.

அந்த வெள்ளைப் பீங்கான் சட்டியைத் தூக்கிப் பாத்தியா? அடியில ஓட்டை கிடையாது. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தொட்டிக்கு ஓட்டை இருக்கு. அதுல வடிஞ்ச அத்தனையும் பீங்கானுக்குள்ள தேங்கி, வேரு ராத்திரி பகலா அதுலதான் ஊறுது. ஹால்ல என்னமோ வாடை வருதுன்னு உன் பொண்டாட்டி தினமும் ஊதுபத்தி கொளுத்துறாளே, அது செடியோட கருமாதிக்குன்னு யாரும் அவளுக்குச் சொல்லல போலிருக்கு. இன்னொண்ணு கேளு. சுகாதார இலாகாக்காரன் வந்து டார்ச் அடிச்சுப் பாத்தான்னா உள்ள ஏடிஸ் புழு நெளியும். கொசு வளக்குறவனைப் புடிக்க 1975-லயே சட்டம் போட்டுட்டாங்க மருமவனே, 500 வெள்ளி வரைக்கும் அபராதச் சீட்டுக் கிழிப்பான். செடி வாங்கின காசை விட அது கூட. பீங்கான் வேணும்னா வச்சுக்கோ, அடியில நாலு கல்லைப் போட்டு உள்தொட்டியை ஒசத்தி வை, தேங்குன தண்ணியை அன்னன்னிக்கே கொட்டு.

மண்ணு விசயத்துல உன் அப்பனைத்தான் சொல்லணும். மச்சான் ரொம்பப் பாசக்காரரு. சுங்கை சிப்புட்டுப் பக்கம் பொறந்த தோட்டத்து மண்ணுன்னு ஒரு மூட்டை செம்மண்ணை அள்ளியாந்து தொட்டி தொட்டியா ரொப்பிட்டாரு. அந்தத் தோட்டத்துல இருந்தப்ப ஒரு நாளும் மண்வெட்டி தொடாத மனுசன், லயத்தை இடிச்சுச் செம்பனை நட்ட பிறகு மண்ணு மேல இம்புட்டுப் பிரியம். அந்தச் செம்மண்ணு ரப்பருக்குச் சரி. தொட்டியில போட்டு நனைச்சா களியா இறுகி வேருக்கு மூச்சு விடாது. யூக்காவுக்கு ஏத்த மண்ணு எதுன்னு கேட்டா, பத்து காஜாவுல இருந்து கம்பார் வரைக்கும் கிந்தா பள்ளத்தாக்குல ஈயத்தை அலசி எடுத்துட்டுச் சக்கையாத் தள்ளிட்டுப் போனாங்களே, அந்த மணலு மாதிரி ஒண்ணு. ஊத்துன வேகத்துல தண்ணி கீழ எறங்கிரும். அதுக்காக ராத்திரியில வாளியைத் தூக்கிக்கிட்டு எவன் வேலிக்குள்ளயும் ஏறிக் குதிக்காதே. ஹார்ட்வேர் கடையில பருமணலை மூட்டையா விக்கிறான். அது பாதி, உதிரியான தோட்டக்கலவை கால், உடைச்ச செங்கல்லும் அடுப்புக்கரியும் கால். மச்சானோட செம்மண்ணை அவரு வீட்டு வாழைக்கே அனுப்பிரு, மனசு நோவாம.

உரத்தைப் பத்தி ரெண்டே வார்த்தை. செம்பனைத் தோட்டத்துக் கூட்டாளி ஒரு பை கொடுத்தான்னு கை நெறைய அள்ளிப் போடாதே. பாக்கெட்டுல எழுதியிருக்கிறதுல பாதி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. அது என்ன குலையா தள்ளப் போவுது?

மாடிப்படிக்குக் கீழ வச்சிருக்கியே ஒண்ணு, அதைப் பாத்தா எனக்குக் கிராணி வீட்டுத் திண்ணை ஞாபகந்தான் வருது. வெயிலே படாத எடம். வெளிச்சம் தேடித்தேடிக் கழுத்து நீண்டு, இலை வெளிறி, ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. நல்ல வெளிச்சம் வர்ற சன்னலோரம் வை, வாரத்துக்கு ஒருக்கா கால் சுத்துத் திருப்பி வை. பாவம்னு இன்னிக்கே தூக்கிக்கிட்டுப் போயி உச்சி வெயில்ல நிறுத்திராதே. நிழல்ல கிடந்த இலை ஒரே நாள்ல வெந்து வெள்ளையாப் போவும். மொதல்ல போர்ச்சு, அப்புறம் காலை வெயிலு, ரெண்டு மூணு வாரம் பழக்கி அப்புறம் வெளிய விடு. கீழ் இலை ஒண்ணு ரெண்டு பழுத்தா அது வயசு, உருவிப் போட்டுரு. எல்லா இலையும் ஒண்ணாத் தொங்குனாத்தான் வியாதி. இலை இடுக்குல வெள்ளையாப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தா மாவுப்பூச்சி. பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டைத் தண்ணியில கலந்து துணியில நனைச்சுத் துடை. மஞ்சத்தண்ணி தெளிச்சு மந்திரிக்க வேணாம், அந்தப் பூச்சிக்கு நம்ம சாமி பழக்கமில்ல.

தரையில நடணும்னு ஆசைப்பட்டா நடு, அங்கதான் அது மனுசனா வளரும். ஆனா எடத்தைப் பாத்து நடு. கூரைத் தண்ணி விழுற எடம் ஆவாது. தாமான் வீட்டு லோங்காங் ஓரமும் ஆவாது. முழங்கால் ஒசரத்துக்குக் கல்லும் மணலுமா மேடு கட்டி, அதுக்கு மேல வை. உன் வீட்டுல இருக்கிறது முள்ளு இல்லாத வகை, இலை நுனி மொழுக்குன்னு இருக்கும். கையகலச் செடின்னு போர்ச்சுத் தூண் ஓரமா சொருகிராதே. அது 30 அடி ஒசரம் போவும், அடித்தண்டு யானைக் காலாட்டம் பருத்துச் சிமெண்டைத் தூக்கிரும். நர்சரியில இன்னொரு வகை வச்சிருப்பான், இலை நுனியில ஊசி மாதிரி முள்ளு. வெள்ளைக்காரன் அதுக்கு ஸ்பானியத் துப்பாக்கிச் சனியன்னு பேரு வச்சிருக்கான், வெளையாட்டுக்கு வைக்கல. பிள்ளைங்க ஓடுற வீட்டுல அது வேணாம், கண்ணு மட்டத்துலதான் குத்தும். உன்கிட்ட கடன் வாங்கினவன் மட்டும் வர்ற வழியா இருந்தா யோசிக்கலாம்.

அந்தப் பூனையையும் நாயையும் கொஞ்சம் தள்ளி வை. யூக்காவுல சப்போனின்னு ஒண்ணு இருக்கு, சோப்பு மாதிரி நொரைக்கும். அமெரிக்காப் பழங்குடிச் சனம் ஒரு வகையோட வேரை இடிச்சுத் தலைக்குத் தேச்சுக் குளிச்சிருக்கு, இலை நாருல கயிறு திரிச்சிருக்கு, செருப்புப் பின்னியிருக்கு. மனுசனுக்கு உதவின அதே நொரை, பூனை தின்னா வாந்தி எடுக்க வச்சிரும். இன்னொரு வகையை அரைச்சுப் பொடியாக்கி ஆடு மாடு, கோழித் தீவனத்துல கலக்குறாங்க, கொட்டகையில வர்ற அமோனியா வாடையைக் குறைக்குமாம். என் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல குடி வந்துட்டு நகராண்மைக்கு மனு எழுதினாரே ஒரு புண்ணியவான், அவருக்கு இதைச் சொல்ல மறந்துட்டேன்.

உன் மாமியார் போன்ல எதையோ பாத்துட்டு யூக்காக் கிழங்கு வறுவல் பண்ணலாமான்னு கேட்டாங்களாமே? தோண்டவிடாதே. அவங்க பாத்தது மரவள்ளி. சப்பான்காரன் காலத்துல அரிசி கண்ணுல படாம நம்ம தோட்டத்துச் சனம் வேகவச்சு வேகவச்சுத் தின்னு உசிரைப் புடிச்சு வச்சது அந்தக் கிழங்குதான். அதுக்கும் இந்தச் செடிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

பூ பூக்குமான்னு உன் பொண்டாட்டி கேட்டா. வீட்டுக்குள்ள பூக்காதுன்னே வச்சுக்கோ. வெளிய வெயில்ல வருசக்கணக்கா நின்னா, உச்சியில வெள்ளை மணி மணியா ஒரு கொத்துத் தள்ளும். எல் சல்வடோர் தேசத்துக்கு அதுதான் தேசியப் பூ. அவுங்க அதைப் பறிச்சு முட்டையோட பெரட்டித் தின்னுட்டு, அப்புறம் தேசிய கீதமும் பாடுறாங்க. ஆனா பிஞ்சு பிடிக்கும்னு காத்திருக்காதே. அந்தப் பூவுக்குன்னே ஒரு வெள்ளை அந்துப்பூச்சி இருக்கு. பொம்பளைப் பூச்சி ஒரு பூவுல மகரந்தத்தை உருண்டை புடிச்சுத் தூக்கிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போவும், சூலுக்குள்ள முட்டையை வைக்கும், வச்ச கையோட மகரந்தத்தையும் உச்சியில அமுக்கிட்டுத்தான் நகரும். புழு கொஞ்சம் வெதையைத் தின்னும், மிச்சம் செடிக்கு. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணுக்கு வம்சம் இல்ல. அந்தப் பூச்சி அமெரிக்காவை விட்டு வரவே இல்ல. வெள்ளைக்காரன் நம்மள மட்டும் மறக்காம ஏத்திக்கிட்டு வந்தான்.

அதனால இங்க யூக்கா பெருகுறது கட்டையிலதான். உன் தொட்டியில இருக்கிறதை உத்துப் பாரு. பெரிய மரத்தோட தண்டை முழம் முழமா அறுத்து, மேல்வெட்டுல மெழுகைப் பூசி, நட்டு வச்சு வித்திருக்கான். பக்கத்துல துளிர்த்த கொண்டையைத்தான் நீ செடின்னு வாங்குனே. வேரு கொஞ்சம், தலை பெருசு. நம்ம சங்கத் தலைவருங்க மாதிரி, லேசாத் தள்ளுனாலே சாயும், அதனால கனமான சட்டியா வை.

இப்ப ஹால்ல இருக்கிற பெருசுக்கு வர்றேன். தண்டை அமுக்குனேன், உள்ள போவுது. அடிவேரு அழுகிருச்சு, தண்ணியை நிறுத்துனாலும் அது மீளாது. ஆனா மேல்பாதி இன்னும் கல்லு மாதிரி இருக்கு. அழுகல் துளிகூட இல்லாத எடமாப் பாத்து அறுக்கணும், வெட்டு வாயி பழுப்பா இருந்தா இன்னும் மேல ஏறி அறுக்கணும். பாதி இலையைக் கழிச்சுட்டு, மழை படாத நிழல்ல நாலஞ்சு நாளு சாய்ச்சு வச்சு வெட்டைக் காயவிடணும். அப்புறம் வெறும் மணல்ல நட்டு, லேசா ஈரம் காட்டி, தொடாம விட்டுரணும். வேரு வந்துச்சான்னு நாளைக்கு ரெண்டு தடவை புடுங்கிப் பாக்கக்கூடாது, இதை முக்கியமா உனக்குத்தான் சொல்றேன்.

நாளைக்குக் காலையில ரம்பத்தோட வர்றேன். கொண்டையோட மேல ஒரு பெரிய துண்டு, அதுக்குக் கீழ கட்டையா ஒரு சின்னத் துண்டு, ரெண்டும் தேறும். சின்னது உனக்கு. கூலி பேசாம நான் ஒரு நாளும் மரத்துல கத்தி வச்சதில்ல மருமவனே, பெரிய துண்டை என் மோட்டார் கூடையில வச்சிரு.