பத்து மணி வரை தயிர்சாதம்

பாண்டியன், நெல்லை, பொதிகை என எழும்பூரிலிருந்து ராத்திரி கிளம்பும் எந்த வண்டிக்கும் மயிலாப்பூர்க்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. சக்கரம் உருண்டால்தான் அவருக்குப் பசிக்கும். தாம்பரம் வருவதற்குள் வாழையிலைப் பொட்டலம் பிரிந்துவிடும். மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெயில் ஊறிச் சிவந்த இட்லி. பெட்டி முழுக்க எள் வாசனை.

சிக்கல் நடுப் பெர்த்தில். இரவு 10 முதல் காலை 6 வரைதான் படுக்கும் நேரம் என்பது ரயில்வே விதி. 2017 வரை அது 9 மணிக்கே தொடங்கியது. அந்த ஒரு மணி நேரத்தைத் தன் இரண்டாவது பொட்டலத்துக்காகவே தள்ளிவைத்தார்கள் என்று கீழ் பெர்த்காரர் மனதார நம்புகிறார். நடுப் பெர்த் பையன் கொக்கிச் சங்கிலியைப் பிடித்தபடி நிற்கிறான்.

"மாமா, படுக்கணும்."

"மணி ஒம்பது அம்பத்திரண்டுதாம்ப்பா ஆறது. தயிர்சாதம் பாக்கி இருக்கு."

60 வயதான ஆண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. தி.நகர் நடேசன் பூங்காவில் வயதைக் கேட்டால் சிரித்து மழுப்புகிறவர்கூட, முன்பதிவுப் படிவத்தில் அரிச்சந்திரன் ஆகிவிடுகிறார்.

ஆர்.ஏ.சி. கதை தனி. பக்கவாட்டுக் கீழ் பெர்த் ஒன்றுதான், ஆள் இரண்டு, கட்டணம் மட்டும் ஆளுக்கு முழுசு. காலை நீட்ட முறை வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டில் "சார்" என்று ஆரம்பித்தவர், விழுப்புரத்தில் நம் பெண்ணின் நட்சத்திரம் கேட்கிறார்.