மைதானம் யாருக்கு?

கேள்வி: ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பெருமை என்பது அது வென்ற கோப்பைகள்தானே? (வாசகர், குன்றத்தூர்)

பதில்: கோப்பை வரும், போகும். சாயங்காலம் மைதானத்தில் எத்தனை பேர் வியர்க்கிறார்கள் என்பதே பெருமை. ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனார். ஆனாலும் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து, அங்கே பயின்று பள்ளிகளுக்குப் போன பி.டி. வாத்தியார்கள்தான். இடம் என்று பார்த்தால், 1937-ல் உங்கள் பக்கத்துத் தாம்பரத்துக்குக் குடிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 365 ஏக்கர். எல்லோருக்கும் அது வாய்க்குமா என்பீர்கள். வாலிபாலுக்கு 18-க்கு 9 மீட்டர் போதும், கபடிக்கு 13-க்கு 10. கல்லூரி பஸ் நாலைந்து நிற்கிற இடம்தான் அது! அட்மிஷனுக்குப் போகும்போது கோப்பை அலமாரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.