கட்டைவிரல்காரர்

வீட்டுக்கு வந்தால் மணி அடிக்க மாட்டார். முதலில் கேட்டின் தாழ்ப்பாளைத் தடவுவார். கட்டைவிரலின் சதையை விளிம்புக்குக் குறுக்காக, ஒரே ஒரு முறை, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இழுப்பார். (விளிம்போடு ஓட்டினால் அறுத்துவிடும். குறுக்கேதான் பார்க்க வேண்டும்.) நாடி பிடிக்கும் வைத்தியரின் முகம். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சாமான் வெளியே வரும். நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். காபி ஆறிக்கொண்டிருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். லேத் பட்டறையிலோ பம்பு கம்பெனியிலோ முப்பது வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். இந்த வகையினர் எல்லோரும் என் மனைவியின் பெரியப்பாவாக இருப்பதில்லை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பீளமேட்டிலிருந்து மொபெட்டில் வருவதும் இல்லை.

சாமான் என்றேனே, அது பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். நுனியில் கொக்கிபோல் வளைந்த ஒரு குட்டிக் கத்தி. கத்தி தன் இருப்பிடத்திலேயே சுழலும். அதனால் ஒரு துளையின் வாயில் வைத்துச் சுற்றினால், வளைவுக்கு வளைந்து கொடுத்து ஓடி, பிசிறைச் சுருள் சுருளாக உரித்துப் போட்டுவிடும். பட்டறையில் பிசிறுக்குப் ‘பர்’ என்று பெயர். வங்கியில் ஒரு அம்மாள் இவர் பையைப் பார்த்துப் பேனா இரவல் கேட்டிருக்கிறார். இவரும் ஏதோ ஞாபகத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார். பணம் எடுக்கும் சீட்டு இரண்டாகக் கிழிந்தது. இவர் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கவுன்டரின் அலுமினிய விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிசிறைப் பற்றி அவர் பேசக் கேட்க வேண்டும். ரம்பமோ ட்ரில்லோ, எதைக் கொண்டு வெட்டினாலும் உலோகம் கடைசியில் முழுதாக விட்டுக்கொடுக்காது. ஒரு மெல்லிய தோலை மடித்து ஓரத்தில் நிறுத்திவிடும். துளை போட்டால், ட்ரில் நுழைகிற பக்கத்தைவிட வெளியே வருகிற பக்கத்தில்தான் அது அதிகம். இதை அவர் சொல்லும் விதம் வேறு.

“உள்ள போறப்ப மரியாதையாத்தானுங்க போவும் மாப்ள. வெளிய வர்றப்பத்தான் கிழிச்சுட்டு வரும்.”

சொல்லிவிட்டுத் தன் சம்பந்தி உட்கார்ந்திருக்கும் திசையைப் பார்ப்பார்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரி. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்கலாம், ஆனால் பர் எடுக்காமல் அளந்தால் அளப்பது வேலையை அல்ல, பர்ரைத்தான். இரும்புக் குழாயை வெட்டி, வாயைச் சீவாமல் அதற்குள் மின்கம்பியை இழுத்தால் கம்பியின் மேல்தோல் உரிந்துவிடும். சாக்கடைக் குழாயின் உள்ளே பிசிறு நின்றால் தலைமுடி அதில்தான் போய் மாட்டும். எல்லாம் உண்மை. உண்மையை ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குக் கேட்பதுதான் கஷ்டம்.

ஒருமுறை ஒரு மலைக்கோயிலில் தரிசன வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இருபது பேர், பின்னால் இருநூறு பேர். தடுப்புக் கம்பியின் ஒரு வெட்டுவாயில் அவர் கட்டைவிரல் பட்டது. முன்னால் இருந்த இருபது பேரும் சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, படியிறங்கியும் போய்விட்டார்கள். பின்னாலிருந்து சத்தம் வந்தது. “ஒரு நிமிசமுங்” என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். ஏதோ கோயில் வேலை நடக்கிறது என்று நினைத்து இருநூறு பேரும் பொறுத்துக்கொண்டார்கள். அவரோடு நிற்கிற நமக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

டீயைச் சாஸரில் ஊற்றிக் குடிப்பது, பழைய துணிப்பையை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவருவது எல்லாம் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மொபெட் பெட்டியில் அரங்கள் தனி. தட்டை, அரைவட்டம், முக்கோணம், எலிவால்போல் ஒரு உருண்டை. ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில் சுற்றியிருக்கும். ஒன்றோடொன்று உரசினால் பல் மழுங்கிவிடுமாம். அரத்தின் பல்லில் இரும்புத்தூள் அடையாமலிருக்க அதன்மேல் சாக்பீஸ் தேய்ப்பார். சாக்பீஸ் என் மகளுடையது. நான் ஒருநாள் ஆசையாக ஒரு தகட்டை ராவிப் பார்த்தேன், துணி துவைப்பதுபோல் முன்னும் பின்னுமாக. அவர் ஒன்றும் பேசாமல் கையிலிருந்து அரத்தை வாங்கிக்கொண்டார். அரம் முன்னே தள்ளும்போது மட்டும்தான் வெட்டும், பின்னே வரும்போது அழுத்தினால் பல்தான் தேயும் என்பதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னார், நான் பக்கத்து அறையில் இருக்கும்போது. புது அரத்தை எடுத்ததும் இரும்பில் போடக் கூடாது, முதலில் பித்தளையில் ஓட்டிப் பழக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். அது அரத்தைப் பற்றியதுதான் என்று என் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் சீர்ப் பாத்திரங்கள் மண்டபத்தில் வந்து இறங்கின. பெண்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குண்டான், தூக்குப்போசி, வாணலியின் கைப்பிடி, கரண்டியின் முதுகு என்று ஒவ்வொன்றாகத் தடவி, ஒவ்வொன்றாகப் பிசிறெடுத்து, வேட்டி நுனியால் துடைத்து வைத்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணி ஆனதாம். பதினோரு வருடமாகிறது, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து யாருக்கும் கை கிழிந்ததில்லை. போன வருடம் வேலைக்கு வந்த அக்கா, “இந்த வீட்டு ஏனம் மட்டும் வழுவழுன்னு இருக்குதுங்கம்மா” என்றார். இதை அவர் காதுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம்.

ஏனென்றால் சாவி விஷயம் இருக்கிறது. மரத்தடிச் சாவிக்காரரிடம் புதிதாக ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தேன். இவர் பார்த்தார், தடவினார். பர் இருந்தது, எடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பல் ஒன்று கூராக இருப்பதாகப் பட்டது, அதையும் ‘லேசா’ ஒரு இழுப்பு இழுத்தார். சாவியின் பல் கூராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருடம் இரும்போடு இருந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். கட்டைவிரலுக்குத் தெரியாது. அன்று ராத்திரி பத்தரைக்கு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் நின்றோம். பூட்டை உடைத்தோம். மறுநாள் வந்து, உடைத்த இடத்தில் பிசிறு நிற்கிறது என்று மிகவும் வருத்தப்பட்டார்.

இப்போது அலமாரி நடக்கிறது. ஆடித் தள்ளுபடியில் துணி சேர்ந்துவிட்டது, சுவரில் இரண்டு தட்டுப் போடலாம் என்று ஆறு ஆங்கிள் வெட்டி வாங்கினேன். கடைக்காரரே மாட்டித் தருகிறேன் என்றார். “அவுங்க பர் எடுக்க மாட்டாங்க மாப்ள” என்று இவர் தடுத்துவிட்டார். ஆடியில் வெட்டியது. தீபாவளி போய், பொங்கலும் போய்விட்டது. நாலு ஆங்கிள் முடிந்திருக்கிறது. முடிந்ததை மாட்டலாமே என்றால், முதலில் முடித்ததை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். துணியெல்லாம் கட்டிலில் இருக்கிறது. நாங்கள் கட்டிலின் ஓரத்தில் படுக்கிறோம்.

ஸ்க்ரூ இருபத்துநாலு வாங்கியாகிவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். திருப்புளி போகிற காடியில் லேசாகப் பிசிறு இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.