நிழல் விழத்தான் செய்கிறது

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் 'பொது அறிவு வினா விடை' என்று மெலிந்த புத்தகங்கள் கயிற்றில் தொங்கும். சாணித்தாள், பரவிய மை, எழுத்துப்பிழைகள். தலைநகரம், நாணயம், உயரமான மலை, நீளமான ஆறு என்று எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்விகள் அதிலிருந்துதான் எடுக்கப்படும். பரிசாக எவர்சில்வர் டம்ளரோ சோப்பு டப்பாவோ கிடைக்கும். அதற்காக வாரக்கணக்கில் உருப்போடுவோம்.

"மோனாலிசாவை வரைந்தவர் யார்?" "லியனார்டோ டாவின்சி!" கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். அந்த ஓவியம் பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டது, 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும்தான் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. 1911 ஆகஸ்டில் வின்சென்சோ பெருஜா என்ற இத்தாலியத் தொழிலாளி பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து அதைத் தூக்கிப் போனதும், ஓவியம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் அலைமோதியதும், 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் அதை விற்கப் பார்த்தபோது அவர் சிக்கியதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தன. பன்னிரண்டு வயதில் இதைக் கேட்டிருந்தால் டம்ளரே வேண்டாம் என்றிருப்பேன்.

இசைக் கேள்விகளும் அப்படித்தான். கர்நாடக சங்கீதத்தில் வயலினைப் புகுத்தியவர் பாலுசாமி தீட்சிதர் என்று ஒப்பிப்போம். அவர் முத்துசாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியம் காதில் விழுந்துகொண்டிருந்த காலத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு அந்நிய வாத்தியம் நுழைந்தது. தம்பி வில்லைக் கையில் எடுத்தார். அண்ணன் அந்த மேனாட்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரசருக்கான வாழ்த்துப் பாடலின் மெட்டிலேயே அமைந்தது. அந்தப் பாட்டைப் பாடிக்காட்டி இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

தேவதைக் கதைகளிலிருந்தும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: சிண்ட்ரெல்லாவின் காலணி எதனால் ஆனது? கண்ணாடி. அது ஷார்ல் பெரோ 1697இல் பிரெஞ்சில் எழுதிய கதையில். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் அது தங்கம். இவர்களுக்கெல்லாம் வெகு முன்பே, 9ஆம் நூற்றாண்டுச் சீனத்தில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் என்ற பெண்ணின் கதையிலும் தங்கச் செருப்புதான். அங்கே அவளுக்கு உதவுவது ஒரு மீன். சின்னம்மாவிடம் அடிபடும் பெண்ணுக்காக உலகமெங்கும் யாரோ அழுதிருக்கிறார்கள். எங்கள் புத்தகத்தில் அதெல்லாம் 'கண்ணாடி' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோனது.

இன்று என் தம்பி மகன் கைப்பேசியில் வினாடி வினா ஆடுகிறான். நாலு விடை, பத்து நொடி. சரியானால் பச்சை, தப்பானால் சிவப்பு. வேகம்தான் கூடியிருக்கிறது. விடை இப்போதும் ஒரு வரிதான். சில சமயம் அதே பழைய வரி. போன விடுமுறையில் கேட்டான்: "அத்தை, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தோட நிழல் தரையில விழாதாமே?" பெட்டிக்கடைப் புத்தகத்தில் நாங்கள் படித்த அதே கேள்வி. தஞ்சாவூர் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் வருத்தமாகத்தான் இருந்தது. நிழல் விழாமல் என்ன? வெயில் அடிக்கிறது, விமானம் நிற்கிறது, நிழல் விழுகிறது.

அந்தக் கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதற்கு? ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்தக் கற்சுவர்களில், கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு ஆடல் பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரைக்கும் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கருவறையைச் சுற்றியுள்ள நடையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் கண்டு சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பையன் ஆட்டத்தை மறந்துவிட்டான். "நானூறு பேர் பேரும் இருக்கா அத்தை?" என்று இரண்டு தடவை கேட்டான்.

கைப்பேசியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. அதைத் தொடர்ந்து குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதி. கீர்த்தனைகள் இயற்றிய அதே தூரன்தான். எங்கள் ஊர் நூலகத்தில் அந்தத் தொகுதிகள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியே இருந்தன. சாவி கேட்கப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வராது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அத்தனையும் இலவசம். திறந்து கிடப்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா என்பதுதான் என் கவலை.

பள்ளிகளில் வினாடி வினா நடத்துகிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நூறு கேள்வி வேண்டாம், இருபது போதும். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் இரண்டு நிமிடம் நின்று அதன் கதையைச் சொல்லுங்கள். 'இது நமக்கு எப்படித் தெரிந்தது?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பெற்றோர்களே, தஞ்சாவூர் போனால் காலை வெயிலில் மேற்குப் பிராகாரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நிழலை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.